மலைக்கு ஆட்டுக்கல் ஏற்றிய கதை

கல்யாணமான புதிதில் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெண்கள் அழுவார்கள். நான் அழவில்லை, அடம் பிடித்தேன். அழுதிருந்தால் பொழுது சாய்வதற்குள் ஓய்ந்திருக்கும். அடம் பிடித்ததால் ஒரு மலையே கூடி நின்று சிரித்தது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் மலைமேல் வாழவந்தி நாட்டில், புதிதாகத் திறந்த சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு கூரைக் கட்டடம், ஒரு பெஞ்சு, ஓர் அலமாரி நிறைய மருந்து. டாக்டர் எப்போதாவது வருவார். நோயாளி எப்போதுமே வரமாட்டார். புட்டி மருந்தைக் கண்டால் மலைக்காரர்களுக்கு அவ்வளவு பயம். இப்படியே ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்களே என்று அவருக்குத் தூக்கம் வராது.

அந்தக் கவலையிலும் மனிதருக்குப் புதுச் சாமான் என்றால் உயிர். என்னை அழைத்துப் போக வந்தவர், சேலத்தில் வாங்கிய அலுமினியப் பாத்திரங்களையும் கைப்பிடி போட்ட ஓர் இரும்பு மெஷினையும் கொண்டுவந்து, வீட்டு நடுவில் கடை பரப்பினார்.

"ஏனுங்க, இது என்னுங்க, கிணத்து ராட்டினம் போட்ட குட்டியாட்டம்?" என்றேன்.

"மாவு அரைக்கிற மெஷின், புள்ள. பலகையில முடுக்கிட்டுக் கைப்பிடியச் சுத்துனா போதும். உனக்குக் கை வலிக்கக் கூடாதுல்ல?"

(ஒரு பெண்ணிடம் ஒரு புருஷன் சொல்லக்கூடிய மிக நல்ல வார்த்தை அது. என் மரமண்டைக்கு அது அப்போது ஏறவில்லை.)

என்னுடைய இட்லிக்கு எங்கள் தெருவில் நல்ல பேர். அதை அவர் குறைவாக எடைபோடுகிறார் என்று எனக்குப் பட்டது. இரும்பில் அரைத்தால் துரு வாசம் வரும், மெஷின் மாவில் சத்து இருக்காது, அலுமினியத்தில் சமைத்தால் முடி கொட்டும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். எங்கள் ஆட்டுக்கல் வந்தால்தான் நான் வருவேன் என்று முடித்தேன். (இத்தனைக்கும் அந்தக் காலத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் இட்லி. மற்ற நாளெல்லாம் கம்பும் ராகியும்தான். அந்த இரண்டு நாளுக்காகத்தான் இந்த யுத்தம்.)

அவர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். ஆட்டுக்கல் வண்டியில் ஏறியது. மெஷினையும் அவர் விடாமல் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டார்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரம் வரைக்கும் மாட்டுவண்டி, அப்புறம் ஒற்றையடிப் பாதை. சாமான் தூக்க மலையிலிருந்து சடையன் என்பவர் ஆட்களோடு வந்து காத்திருந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர், சாக்கை விலக்கினார். மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, மலைக்குக் கல்லா கொண்டு வாரீங்க?"

அவ்வளவுதான். தூக்க வந்த ஆட்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ரொம்பக் கவனமாகத் தன் செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"போன வருசம் ஒரு தொரைக்குக் குளிக்கிற தொட்டி ஏத்துனோமுங்க. அதுலயாச்சும் மழை வந்தா கவுத்துப் போட்டு உள்ள ஒண்டிக்கலாம்" என்றார் சடையன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆனாலும் நல்ல மனிதர்கள். கல்லைக் கயிற்றில் கட்டி, ஒரு தண்டில் தொங்கவிட்டு, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். குழவி தனியாக ஒரு கூடையில் வந்தது. நான் கல்லுக்குப் பின்னாலேயே, குழந்தையைத் தூக்கிப் போகிறவர்களைத் தொடரும் தாய்போல, "பாத்துங்க, பாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். முன்னால் போன ஆளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அதைக்கூட நான் பார்க்கவில்லை. கல்லின் விளிம்பு மரத்தில் இடிக்கிறதா என்றே பார்த்தேன்.

மலையில் பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு மேட்டில் சுனை. கயிற்றை அவிழ்த்துக் கல்லை இறக்கினார்கள். தண்ணீர் குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. கல்லைச் சுற்றிவந்து, எங்கேயாவது சிராய்ப்பு உண்டா என்று தடவிப் பார்த்தேன். அடியில் ஒரு கூரான கற்சில்லு செருகியிருந்தது.

'அடப்பாவிகளா, என் கல்லைக் கீறிவிடுமே!' என்று அதைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

அது கல் உருளாமலிருக்க அண்டக் கொடுத்த சில்லு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆட்டுக்கல் முதலில் லேசாகத் தலையாட்டியது. பிறகு, பிறந்த வீட்டு ஞாபகம் வந்ததுபோல, வந்த திசையிலேயே கிளம்பிவிட்டது. நான் முந்தானையை நீட்டித் தடுத்தேன். (முந்தானையால்! ஆட்டுக்கல்லை!) அது சாமைக் காட்டுக்குள் ஒரு பாதை போட்டுக்கொண்டு பாய்ந்தது. கீழே ஒரு குடிசை. வாசலில் ஒரு பெண் பாயில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"விலகுங்க! விலகுங்க!" என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் சரிவில் ஓடினார். நானோ ஒரு கணம், இட்லியும் வேண்டாம், ஊர்ப் பேரும் வேண்டாம், அந்தப் பெண் பிழைத்தால் போதும் என்று ஊரில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதறாமல் ஒதுங்கினாள். கல் மிளகுப் பாயைத் துவைத்து, பலாமரத்தில் மோதி, ஒரு பழத்தை விழவைத்து, அதற்கப்பால் பள்ளத்துக்குள் போய் மறைந்தது. வெகுநேரம் கழித்து அடியில் 'டொம்' என்று ஒரு சத்தம்.

அதற்குள் சரிவில் இன்னொரு சத்தம். என் வீட்டுக்காரர் விழுந்திருந்தார். கணுக்கால் பூசணிப் பிஞ்சுபோல வீங்கிவிட்டது, முழங்காலெல்லாம் ரத்தம்.

கல் போனதால் தண்டு காலியாக இருந்தது. என் சேலை ஒன்றை அதில் தூளியாகக் கட்டி அவரைப் படுக்கவைத்தார்கள். தண்டைத் தோளில் வைத்ததும் சடையன் முகம் மலர்ந்தது. "கல்லுக்கு இவரு எவ்வளவோ தேவலைங்க" என்றார். புதுப்பெண் தன் புருஷனுடைய ஊருக்குள் நுழைந்த கோலம் இதுதான்: முன்னால் தூளியில் புருஷன், பின்னால் குழவியைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்டாட்டி.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. மலைக்குக் கல் கொண்டுவந்த பெண்ணைப் பார்க்க, யாருமே மிதிக்காத அந்த ஆஸ்பத்திரி வாசலில் அன்று நிற்க இடமில்லை. அவரைப் பெஞ்சில் கிடத்தினோம். அவர் சொல்லச் சொல்ல நான் முழங்காலில் டிஞ்சர் போட்டேன். அவர் போட்ட கூச்சலில் கூரையிலிருந்து ஓர் ஓணான் விழுந்தது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "அவுரே போட்டுக்கறாரே... அப்ப வெசமில்ல போலிருக்குது."

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கால் புண்ணோடு ஒருவர் முன்னால் வந்து, "ஏனுங்க, எனக்கும் அதுல கொஞ்சம் போடுங்க" என்றார். அவர் கத்தவில்லை, பெருமைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருமலோடு ஒரு பாட்டையா. அப்புறம் காதுவலிக் குழந்தையோடு ஒரு தாய். என் வீட்டுக்காரர் படுத்தபடியே மருந்து சொன்னார். வலியில் முகம் கோணியிருந்தாலும் கண் மட்டும் தீபாவளி கொண்டாடியது. ஆஸ்பத்திரியை அப்புறம் யாரும் மூடவில்லை.

கடைசியாக மிளகுக்காரி வந்தாள். வெள்ளையம்மா என்று பேர். திட்டத்தான் வருகிறாள் என்று நான் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் கையில், என் கல் விழவைத்த பலாப்பழம்!

"கல்லுதான் போச்சு, பழமாச்சும் தின்னுங்க, கண்ணு" என்றாள். பிறகு, "பழசுதான் வேணும்னு அழுதீங்களாமா? நாளைக்கு வாங்க, காட்டறேன்" என்றாள்.

மறுநாள் அவள் காட்டியது ஊர்ப் பாறை. அதில் உரல் மாதிரி ஒரு குழி. "இதவிடப் பழசு எங்ககிட்ட இல்லீங்க. மலை பொறந்ததுலருந்தே இருக்குது" என்றாள். வெட்டவெளியில், ஊர் பார்க்க, அந்தக் குழியில் என் குழவியைப் போட்டு ஆட்டினேன். முதல் இட்லியில் மணல் நறநறத்தது. அவர் தண்ணீரைக் குடித்துக் குடித்து அத்தனையையும் தின்றார்.

மழைக்காலம் வந்ததும் பாறைப் பக்கமே போக முடியவில்லை. ஒருநாள் அவர் இல்லாதபோது மெஷினை எடுத்துப் பலகையில் முடுக்கினேன். மாவு அருமையாக வந்தது, துரு வாசம் துளியும் இல்லை. எனக்குத் தெரியாமல் அவர் தினமும் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். அன்று இட்லியைத் தின்றவர், "பாறை இன்னைக்கு நல்லா அரைச்சிருக்குது புள்ள" என்றார். நானும், "ஆமாங்க" என்றேன். வெள்ளையம்மாதான் அந்த மெஷினுக்கு அடிமையாகிவிட்டாள். ராகியைத் தூக்கிக்கொண்டு வந்து, கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் சிரிப்பாள். வெயில் அடித்தால் நான் அவள் பாறைக்கு, மழை பெய்தால் அவள் என் மெஷினுக்கு.

பிற்பாடு அவருக்கு மாற்றலாகி நாங்கள் கீழே இறங்கிவிட்டோம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓர் ஆடி மாதம் கோயிலுக்காக மலை ஏறினோம். மூட்டை தூக்க வந்த இளவட்டம் எங்களை அறியாதவன். அந்தச் சுனை மேட்டில் நின்று, "இதுதாங்க கல்லுருட்டி மேடு" என்றான்.

"ஏன் அப்படிப் பேரு?" என்றாள் மகள்.

"எங்கப்பன் காலத்துல கீழ்நாட்டுல இருந்து ஒரு அம்மா வந்தாங்களாமா. தலையில ஆட்டாங்கல்லு, இடுப்புல புருசன். ஒரே மூச்சுல இதுவரைக்கும் ஏறிட்டாங்க. அப்புறம் முடியல. ரெண்டுல ஒண்ணத்தான் கொண்டு போவோணும்னு, கல்ல உருட்டிவுட்டுட்டுப் புருசனக் கொண்டு போனாங்களாமா."

என் வீட்டுக்காரர் உருகிப்போனார். "அடடா, எப்பேர்ப்பட்ட பொம்பளை!"

"ஆமாங்க. ஆனா அந்தக் கல்லுக்காகக் கடைசி வரைக்கும் அழுதாங்களாமா."

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை வந்தால் போதும். "கல்லையே வெச்சிருக்கலாம்னு இப்பத் தோணுதா, புள்ள?" என்று கேட்பார். பிள்ளைகளும் என் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேனுங்க" என்பேன்.