பத்துக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு மாப்பிள்ளை

ராஜபாளையம்
12-7-1991

மச்சான் சேக் முகைதீன் அவர்களுக்கு, பீர் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். தாங்கள் கொடுத்தனுப்பிய பால்கோவா வந்து சேர்ந்தது. தாங்கள் அனுப்பிய மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். பால்கோவா நன்றாக இருந்தது.

மதுரையில் கணக்கு ஆராய்ச்சி செய்கிற மதார் சாகிப், நம் மகள் மாஜிதாவுக்கு ஏற்றவர் என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துக்கும் நாலுக்கும் நடுவில் வருவதாகக் கார்டு போட்டிருந்தார். நாங்கள் பத்து மணிக்கே பிரியாணியை இறக்கிவைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூணே முக்காலுக்கு வந்து, சொன்னபடி வந்துவிட்டேன் பாருங்கள் என்று சிரிக்கிறார். வயதைக் கேட்டேன், முப்பதிலிருந்து முப்பத்திரண்டுக்குள் என்றார். பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒன்று, அவர் அம்மா சொல்வது ஒன்றாம். வேலை எப்போது கிடைக்கும் என்றேன், ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள்ளாம். கம்ப்யூட்டர் சொல்கிற ஒற்றை விடையை அப்படியே நம்பக்கூடாதாம்; உண்மையான விடை இதற்குக் கீழேயும் போகாது, அதற்கு மேலேயும் போகாது என்று இரண்டு எல்லை போட்டு நிரூபிப்பதுதான் அவர் தொழிலாம். அது போதாதென்று இன்னொரு கணக்கு: இரண்டு எண், எதுவும் சைபருக்குக் கீழே போகக்கூடாது, ஆனால் இரண்டில் ஒன்றாவது சைபராக இருந்தே தீரவேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் இருந்தால் குழாயில் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் கரண்ட் இருக்காது, சில நாள் இரண்டும் கிடையாது, இதற்கு எதற்குத் தம்பி மதுரைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "அதேதான் மாமா, நல்ல உதாரணம்"னு நோட்டுல எழுதிக்கிட்டார் மச்சான். இவரோட எப்படிக் குடும்பம் நடத்துறது?

நமக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற மாப்பிள்ளை வேண்டும். நம்மையே பாருங்கள், மாஜிதாவின் வயதைக் கேட்டால் இருபத்து மூன்று என்று பட்டென்று சொல்கிறோம். நாலு வருடமாக அதே பதில்தானே, ஒரு நாளாவது மாற்றியிருக்கிறோமா? ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் தங்கள் வீட்டில் குறைவில்லாத பரக்கத்தைத் தருவானாக.

அன்புள்ள மச்சான்,
பீர் முகமது

பி.கு.: கவரை ஒட்டுமுன் மாஜிதா இதைப் படித்துவிட்டாள். அன்று நான் அவருக்குக் குடிக்கக் கலர் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கதவுக்குப் பின்னால் நின்றபடி, தனக்கு இருபத்தேழு என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம். "மாமா இருபத்துமூணுன்னதுமே இருபதுலருந்து முப்பதுன்னு குறிச்சுக்கிட்டேன். நீங்க அதுக்குள்ளதான் இருக்கீக" என்றாராம் அவர். "அத்தா, இதுக்கு முந்தி வந்த அம்புட்டுப் பேரும் ஒத்தப் பதிலாத்தான் சொன்னாக. அதுல ஒண்ணாச்சும் உண்மையா? நாம சொன்னதாச்சும் உண்மையா?" என்று கேட்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மச்சான். சம்பந்தத்தைப் பேசி முடித்துவிடுங்கள். நிக்காஹ் தேதியை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.