ஏழு நோட்டுப்படி ஒரு கிலோ

எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அந்த அலுவலகத்துக்கு, ஒரு வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வரும் ஒன்றாம் தேதி முதல் சோதனைப் பதிவுகள் அனைத்தும் பிளாக்செயின் முறையில் பராமரிக்கப்பட வேண்டும், தவறும் பட்சத்தில் கடும் நடவடிக்கை எடுக்கப்படும், எக்காரணம் கொண்டும் விலக்கு அளிக்கப்பட மாட்டாது என்று அதில் கண்டிருந்தது. அதற்கான கம்ப்யூட்டர்கள் எப்போது வரும் என்று மட்டும் கண்டிருக்கவில்லை.

கண்காணிப்பாளர் அதை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தார்.

"கம்ப்யூட்டர்லதான் செய்யணும்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப கையாலயே செஞ்சிடுவோம்."

இப்படித்தான் ஏழு பேர் வேலை பார்த்த அந்த அலுவலகத்தில் பிளாக்செயின் வந்து இறங்கியது. ஏழு பெரிய நோட்டுகள், ஏழு பேனாக்கள், 'கணிதக் கருவிகள்' என்ற செலவுத் தலைப்பில் பொம்மைக் கடையில் வாங்கிய மூன்று பகடைகள். விளக்கம் சொல்ல ஓர் ஆலோசகர் வந்தார். மூன்று மணி நேரம் படம் காட்டினார். 'புரட்சி' என்ற சொல்லைப் பத்தொன்பது முறை சொன்னார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த இளநிலை உதவியாளர் ஒருத்திதான் அதை எண்ணிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் எல்லாரும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். புதுசுக்குக் கேள்வி கேட்கும் வியாதி இருந்தது.

"சார், இது எதுக்கு?"

"யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இருக்காது," என்றார் ஆலோசகர்.

"இப்ப நம்பிக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"அதுதாங்க பிரச்சனையே."

மேற்கொண்டு கேட்பதற்குள் அவர் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

நடைமுறை எளிமையானதுதான். வியாபாரி கொண்டுவரும் கல்லை முத்திரைக்காரர் மின்னணுத் தராசில் வைத்து, எடையை உரக்கச் சொல்வார். ஏழு பேரும் ஏழு நோட்டிலும் அதை எழுதுவார்கள். பத்துக் கல் ஆனதும் ஒரு பக்கம் நிறையும். அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். ஆகவே பழைய பக்கத்தில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால், அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பக்கத்துக் கணக்கும் உதைக்கும். ஒரு நோட்டில் எப்படியோ சமாளித்தாலும் மற்ற ஆறு நோட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரைக்கும் புதுசுக்கே பிடித்திருந்தது. பக்கத்தை மூடுவதில்தான் அவளுக்குச் சிக்கல். ஏழு பேரும் வரிசையாகப் பகடை உருட்ட வேண்டும். மூன்று பகடையும் சேர்ந்தாற்போல் ஆறு விழுந்தால்தான் பக்கம் மூடும். உருட்டியவருக்கு, பழைய முத்திரைகளில் மிஞ்சிய பித்தளை வில்லை ஒன்று பரிசு. அதற்குப் பெயர் காசு.

"பகடை எதுக்கு சார்?" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டாள்.

"கஷ்டப்படணும்மா. கஷ்டப்பட்டு மூடினாத்தான் அதை யாரும் சுலபமாத் திறக்க மாட்டாங்க."

"காலையிலிருந்து உருட்டறோம். வாசல்ல பதினாலு வியாபாரிங்க நிக்கறாங்களே?"

"அவங்களும் கஷ்டப்படறாங்க இல்ல? அப்ப முறை சரியாத்தான் நடக்குது."

"சரி சார். எடை சொல்றவரே தப்பாச் சொல்லிட்டா?"

கண்காணிப்பாளர் இதை எதிர்பார்த்தவர் போலச் சிரித்தார். "ஏழு பேரும் அதே தப்பை எழுதுவோம். ஏழு நோட்டுலயும் ஒரே மாதிரி இருந்தா அதுக்குப் பேரு தப்பு இல்லம்மா, உண்மை."

பகடை தன்னிடம் வந்ததும் புதுசு அக்கறையில்லாமல் உருட்டினாள். மூன்று ஆறு விழுந்தது. அக்கறையில்லாதவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம் என்று எல்லாரும் வயிறெரிந்தார்கள்.

இரண்டாம் வாரத்தில் இன்னொரு ஆணை பிறந்தது. முத்திரைக் கட்டணத்தை இனி அந்தப் பித்தளைக் காசாகத்தான் கட்ட வேண்டும். காசு இருந்ததோ ஏழு பேரிடம் மட்டும். வியாபாரிகள் ஏழு பேரின் மேஜையையும் சுற்றி வந்து விலை பேசினார்கள். விலை ஏறியது. விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, ஆயுளில் ஓர் எடைக்கல்லைக் கூடத் தொட்டிராதவர்களும் வாங்க வந்தார்கள். முடிதிருத்துபவர் வந்தார், பல் டாக்டர் வந்தார். அதனால் இன்னும் ஏறியது. கடைசியில் யாருமே கட்டணம் கட்டவில்லை; இலவசமான எடைச் சோதனையை மட்டும் முடித்துக்கொண்டு, முத்திரையில்லாமலே கல்லோடு திரும்பினார்கள். நாளைக்கு இரண்டு மடங்காகப் போகிற காசை இன்றைக்கு ஒரு இரும்புக் கல்லுக்காகக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

கையிலிருந்த ஒரே காசைக் கொடுத்து முத்திரை குத்திக்கொள்ள வந்த ஒரே அசடு புதுசின் தாய்மாமாதான். மளிகைக் கடை வைத்திருந்தார். பத்துக் கிராம் கூடக் குறைக்காத மனுஷர் என்று பெயரெடுத்தவர். ஒரு கிலோ கல்லைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அப்போது முத்திரைக்காரர் பகடையும் கையுமாக இருந்தார். பகடை போட்டு உருட்டும் எவர்சில்வர் டம்ளரைத் தராசுத் தட்டில் வைத்திருந்தார். தராசு நூறு கிராம் காட்டியது. சும்மா இருக்கும் தராசு பூஜ்யம்தானே காட்ட வேண்டும் என்று பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினார். பக்கம் நிறைந்ததும் முதலில் உருட்டும் முறை தன்னுடையது என்பதால், டம்ளரை எடுத்துக் குலுக்கிக்கொண்டே, மாமாவின் கல்லைத் தட்டில் வைத்தார்.

"தொள்ளாயிரம்!"

ஏழு பேனாவும் எழுதின. அதுதான் அந்தப் பக்கத்தின் பத்தாவது கல். டம்ளரைக் கவிழ்த்தார். மூன்று ஆறு. பக்கம் மூடியது. அலுவலகமே கை தட்டியது.

"ஐயா, அது முழு ஒரு கிலோ கல்லுங்க," என்றார் மாமா.

புதுசு எழுந்து ஓடி, தராசைச் சரியாகப் பூஜ்யத்தில் வைத்துக் கல்லை மறுபடி நிறுத்தாள். சரியாக ஆயிரம் காட்டியது.

"சார், பாருங்க!"

கண்காணிப்பாளர் பார்த்தார். நோட்டையும் பார்த்தார். "தராசு காட்டறது தராசோட சொந்தக் கருத்தும்மா. ஏழு நோட்டுலயும் தொள்ளாயிரம்னு இருக்கு. கல்லுலதான் நூறு குறையுது. ஈயம் ஊத்தி எடுத்துட்டு வாங்க."

மாமா வாதாடிப் பார்த்தார். முத்திரையில்லாத கல்லை வைத்து வியாபாரம் செய்தால் கடைக்குச் சீல் என்றார்கள். வேறு வழியில்லாமல் பட்டறைக்குப் போய், கல்லின் அடியில் நூறு கிராம் ஈயம் ஊற்றி, ரசீதோடு வந்தார். தொள்ளாயிரத்தோடு நூறைக் கூட்டி, ஆயிரம் என்று ஏழு பேரும் எழுதினார்கள். முத்திரை விழுந்தது.

அன்றிலிருந்து மாமா கடையில் ஒரு கிலோ என்பது ஆயிரத்து நூறு கிராம். இது ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடையில் கூட்டம் அலைமோதியது. பக்கத்துத் தெருவிலிருந்து காரில் வந்து வெங்காயம் வாங்கினார்கள். விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார் மாமா. "ஒரு கிலோன்னா எல்லா இடத்துலயும் ஒரு கிலோதானே, உங்களுக்கு மட்டும் என்ன தனி விலை?" என்று சட்டம் பேசினார்கள். வியாபாரம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகியது. இரண்டு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான் என்று மாமா கணக்குப் போட்டுச் சொன்னபோது, அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் கையாலும் அந்தத் தொள்ளாயிரத்தை எழுதியிருக்கிறோமே என்று புதுசுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் விதிகளைப் புரட்டினாள். ஒரு வழி இருந்தது. ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கினால், தவறான பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். அதற்குப் பின் மூடிய பக்கங்கள் செல்லாது. அவற்றுக்காகக் கிடைத்த காசுகளும் செல்லாது.

வாரம் முழுக்க மேஜை மேஜையாகப் போய்ப் பேசினாள். மூன்று பேர் சம்மதித்தார்கள். அந்த மூன்று பேருக்கும் இதுவரை ஒரு காசு கூட விழுந்ததில்லை. நேர்மை அவர்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. கண்காணிப்பாளர், முத்திரைக்காரர், கடிதப் பிரிவுக்காரர் மூவரும் எதிர்ப்பு. ஏழாவது கை புதுசினுடையது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சனிக்கிழமை கூட்டம் கூடியது. அன்றைய நிலவரம் காலையிலேயே வந்திருந்தது. ஒரே வாரத்தில் காசு மூன்று மடங்கு.

"உன்கிட்ட எத்தனை இருக்கும்மா?" கண்காணிப்பாளர் அக்கறையாகத்தான் கேட்டார்.

"பதினொண்ணு சார்."

"எல்லாமே அந்தப் பக்கத்துக்கு அப்புறம் விழுந்ததா?"

"ஆமா சார். முன்னாடி விழுந்த ஒண்ணை அப்பவே வித்துட்டேன்."

"இன்னிக்கு விலைக்கு ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். சரி, உன் இஷ்டம். மாத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க."

மூன்று கை பட்டென்று உயர்ந்தது. புதுசின் கை மேஜைமேல் இருந்தது. அவள் மாமாவை நினைத்தாள். அத்தையின் கண்ணை நினைத்தாள். பிறகு, வாடகை வீட்டின் ஒழுகுகிற குளியலறையையும், அடுத்த வாரம் காசு ஆறு மடங்காகலாம் என்று பல் டாக்டர் சொன்னதையும் நினைத்தாள். மாமாவுக்குச் சுற்றிச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், எப்படியும் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது. இப்படித் தோன்றுகிறதே என்று ஒரு கணம் கூசியது. கை அசையவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாமா ஓடி வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"நிறுத்துங்க! யாரும் எதையும் மாத்த வேண்டாம்! பாப்பா, கையைத் தூக்கிடாதே!"

"என்ன மாமா?"

"கடை முதலை எடுத்து நாலு காசு வாங்கிட்டேன். போன திங்கக்கிழமை. எல்லாம் புதுப் பக்கத்துக் காசு. நீ மாத்தினா நான் நடுத்தெருவுலதான்."

"அப்ப உங்க கல்லு?"

"அது கிடக்கட்டும். கிலோவுக்கு நூறு கிராம் போனா என்ன, காசு வாரத்துக்கு மூணு மடங்கு ஏறுதே! ஏழு நோட்டுல எழுதினா சரியாத்தான் இருக்கும். படிச்சவங்க செய்யற காரியம்."

கை தூக்கிய மூன்று பேரும் கையை இறக்கினார்கள். பாதிக்கப்பட்டவரே புகாரைத் திரும்பப் பெற்றதால் பிரச்சனை சுமுகமாகத் தீர்க்கப்பட்டது என்று ஏழு நோட்டிலும் எழுதப்பட்டது. புதுசும் எழுதினாள். எழுத்து அழகாக வந்தது.

வராந்தாவில் மாமா அவள் தலையைத் தொட்டார்.

"எனக்காகப் பதினொரு காசையும் விட இருந்தியே. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க? நல்லவேளை, நான் ஓடி வந்தேன்."

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள். மாமா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மாமாவின் நஷ்டத்தைக் கூட்ட வேண்டாமென்று இத்தனை நாளும் பாவம் பார்த்து, வீட்டுச் சாமான்களை அவள் எதிர்க்கடையில்தான் வாங்கிவந்தாள். இனி அதற்கு ஓர் அவசியமும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

"மாமா, அந்தக் கல்லுலதானே இன்னும் நிறுக்கறீங்க?"

"ஆமா, ஏன்?"

"சாயங்காலம் அஞ்சு கிலோ வெங்காயம் எடுத்து வைங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."