பியர் கிளாஸில் ரசம்

சிட்னியில் குடிகாரர்களை எங்கள் பப் அங்கிள் அளவுக்குக் கொடுமைப்படுத்தியவர் யாரும் கிடையாது.

ஊர் யாழ்ப்பாணம். தொழில், லிட்கம் பக்கம் ஒரு பப் நடத்துவது. ஒரு சொட்டு பியர் அவர் நாக்கில் பட்டதில்லை. கோவையிலிருந்து வந்த புதிதில் நான் அந்த பப்பின் மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். வாசலில் ‘ஹோட்டல்’ என்று போர்டு. இங்கே பப்புகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் பெயர். மகன் ஹோட்டலில் தங்கியிருக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிளின் ஆட்சியில் சட்டங்கள் தனி. அவர் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்வந்த அன்று யாராவது கெட்ட வார்த்தை பேசினால் பியர் கட். எவருக்காவது நாக்குக் குழறினால் போச்சு. குசினிக்குள் ஓடி, மிளகைத் தூக்கலாகப் போட்டு ரசம் வைத்து, பியர் கிளாஸிலேயே ஊற்றிக்கொண்டு வந்து நிற்பார். “குடியும். குடிச்சிட்டு வீட்டை போம்!”

அதுவே வினையாகிவிட்டது. ஒரு மழை நாள், மதுக்கடைகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். டைல்ஸ் ஒட்டி ஓய்வுபெற்ற கெவின், நாற்காலியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். கையில் கிளாஸ், கிளாஸில் பழுப்பாக ஏதோ. போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்ததாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில், அங்கிள் லைசென்ஸ் வைத்திருக்கவே தகுதியற்றவர் என்று மூன்று வருடத் தடை வந்தது.

“நான் குடுத்தது சாராயமே? மருந்தெல்லோ!” என்று குதித்தார். தடையை எதிர்த்து ட்ரிப்யூனலுக்குப் போனார். வைத்த வக்கீலையும் பாதியில் அனுப்பிவிட்டார். வக்கீல் செய்த குற்றம், “நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் ஜெயிக்கலாம்” என்று சொன்னது.

நான் முதல் சாட்சி. ட்ரிப்யூனலில் விசாரணை நடத்திய அம்மாவுக்கு ரசம் என்றால் என்னவென்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்து கெவின், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டோடு வந்தார். “அது பியரே இல்லை, மேடம். தொண்டை எரிந்தது, மூக்கு ஒழுகியது. ஐம்பது வருடமாகக் குடிக்கிறேன், பியர் என்னிடம் இவ்வளவு மோசமாக நடந்துகொண்டதில்லை.”

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி, போதையில் இருந்தவரை வெளியே அனுப்புவதுதானே சட்டம்? ஏன் அனுப்பவில்லை?”

அங்கிள் எழுந்தார். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் குரல் எழும்பவில்லை. தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: “டாக்ஸிக்குச் சொல்லியிருந்தேன், வரவில்லை. வெளியே மழை. அவர் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரோட்டில் விட்டிருந்தால் சட்டத்துக்குச் சரி, மேடம். எனக்குத் தூக்கம் வராதே.”

கெவின் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. தடை ரத்து, எச்சரிக்கை மட்டும். இனி ரசத்தை பியர் கிளாஸில் கொடுக்கக் கூடாதாம். “அதென்ன எச்சரிக்கை? அதையும் எதிர்த்து வழக்குப் போடுவம் தம்பி!” என்று கிளம்பியவரை, நானும் கெவினும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்தோம்.

போன வருடம் பப்பை விற்றுவிட்டு, மெல்பர்ன் பக்கம் ரோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் கெவினும் இப்போதும் அந்த பப்புக்குப் போகிறோம். ஆளுக்கு ஒரு கிளாஸோடு எழுந்துவிடுகிறோம். போதும் என்று திட்ட ஆளில்லாத இடத்தில் குடிக்கவே பிடிக்கவில்லை.