ஏழரை மணிக்கு நிற்கும் இன்ஜின்

லிஃப்டுக்குள்ளிருந்து பட்டாபிராமன் கத்தியபோது சத்யப்ரியா கழுத்தெல்லாம் சோப்புடன் குளியலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"செக்ரட்டரி! செக்ரட்டரி மேடம்! மறுபடியும் நின்னுடுத்து!"

குரல் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவிலிருந்து வந்தது. நேற்றும் அங்கிருந்துதான் வந்தது. பின்பக்கக் கொட்டகையில் ஜெனரேட்டர் சத்தம் அடங்கியிருந்தது. மணி ஏழரையாகத்தான் இருக்கும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

சேலையூரில் அந்த டிசம்பர் முழுக்கக் காலை ஆறு முதல் எட்டு வரை மின்வெட்டு. இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் இருந்தது. ஒரு வாரமாக அது ஆறு மணிக்குச் சமர்த்தாகக் கிளம்பி, ஏழரைக்குச் சூடேறி, தானாகவே அணைந்துவிடுகிறது. ஏழரைக்குத்தான் நான்காவது மாடி பட்டாபிராமன் மங்கி குல்லாவும் பால் பாக்கெட்டுமாக லிஃப்டில் ஏறுவார்.

சத்யப்ரியா மிச்சமிருந்த வெந்நீரை அவசரமாக மேலே ஊற்றிக்கொண்டாள். ஹீட்டர் கெட்டுப்போய்க் கிடக்கிறது. காஸ் சிலிண்டர் பதிவு செய்து நாற்பது நாள் ஆகிறது. வெந்நீருக்கு அடுப்பைப் பற்றவைத்தால் கணவன் ஜீவானந்தம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வாட்ச்மேன் சேட்டுவின் மனைவி எல்லம்மாதான், "இடுப்பு வலிய வச்சிகினு ஜில்லு தண்ணியில குளிக்காதக்கா. நான் கொண்டாறேன்" என்று தினமும் ஏழே காலுக்கு ஒரு பக்கெட் வெந்நீரைத் தட்டு போட்டு மூடி வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பத்து நிமிடம்தான் ஒரு நாளில் யாரும் சத்யப்ரியாவை எதுவும் கேட்காத நேரம். அதையும் இந்த இன்ஜின் பிடுங்கிக்கொண்டது.

ஈரத் தலையுடன் கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே புஸ்ஸென்று ஒரு சத்தம். ஆவி மேகத்துக்குள்ளிருந்து சேட்டு கையை உதறிக்கொண்டு வெளியே வந்தான்.

"ரேடியேட்டர் மூடியத் தொறந்தியா?"

"தண்ணி கீதான்னு பாக்கத்தான் மேடம் தொறந்தேன். அது மூஞ்சிக்கு நேரா வந்துச்சு!"

"காலையில ரொப்பினியா, இல்லையா?"

"வாய் வரைக்கும் ரொப்பினேன். எம்மேல சத்தியம். இப்ப அடியில கீது."

தரை உலர்ந்திருந்தது. குழாய்கள் உலர்ந்திருந்தன. இன்ஜினைக் குளிர்விக்க வாய் வரை ஊற்றிய தண்ணீர் ஒன்றரை மணி நேரத்தில் எங்கே போயிருக்கும்?

பல்லாவரத்திலிருந்து மெக்கானிக் லாசரஸ் வந்தார். முதலில் சேட்டுவைத் திட்டினார்.

"சூடா இருக்கறப்ப மூடியத் தொடவே கூடாது. அரை மணி ஆறவிடணும். அப்புறமும் துணி போட்டுத்தான் திருகணும். ஆறாத இன்ஜின்ல ஜில்லு தண்ணிய ஊத்தினா ஹெட்டு விரிசல் விட்டுடும், தெரியுதா?"

பிறகு டார்ச்சை அடித்து ரேடியேட்டருக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமான தண்ணிய நான் பார்த்ததில்ல மேடம். துரு இல்ல, அழுக்கு இல்ல. குடிக்கலாம் போல கீது."

சத்யப்ரியாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லாசரஸ் ரப்பர் குழாய்களை மாற்றினார். மூடியை மாற்றினார். "நல்லா சூடேத்திப் பார்க்கணும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை மின்சாரம் வந்த பிறகும் பத்து மணி வரை ஓட்டச் சொல்லிவிட்டுச் சர்ச்சுக்குப் போனார். அன்றைக்கு எல்லம்மா நிதானமாக எட்டே முக்காலுக்கு இரண்டு பக்கெட் கொண்டுவந்தாள். ஜீவானந்தம்கூட வெந்நீரில் குளித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றான். இன்ஜின் ஒன்பது மணிக்கு நின்றது.

சத்யப்ரியா லாசரஸ் சொன்னதையெல்லாம் பதினோரு விதிகளாக எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினாள். நான்காவது விதி: 'பழக்கமில்லாதவர்கள் இன்ஜினைத் தொடக் கூடாது.' சேட்டு அதை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தான். அத்துடன் கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான்.

"யார் தண்ணி பார்ப்பா அப்போ?"

"நீதான மேடம் எய்தி போட்டுகீற. எனக்குப் பழக்கம் இல்ல."

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்றாள் எல்லம்மா. "எங்கப்பா கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தோட்டத்துல ஆயில் இன்ஜின் ஓட்டிகினு இருந்தாரு. நான் அந்தத் தொட்டியாண்டயே வளந்தவ. எனக்கு இன்னா பயம்?"

சத்யப்ரியாவுக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தக் கட்டடத்தில் கேட்காமலே உதவுகிற ஒரே ஜீவன்.

லாசரஸின் அடுத்த சந்தேகம் பயங்கரமானது. "தண்ணி வெளிய போகலன்னா உள்ள போகுது மேடம். ஹெட் கேஸ்கட்டு போயிருக்கும். ஆயில்ல தண்ணி கலந்தா இன்ஜினே காலி."

இன்ஜினைப் பிரித்துப் போட்டார். மூன்று நாள் காலையில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடிக்காரர்கள் மூச்சு வாங்கியபடி அவள் வீட்டு வாசலில் நின்று, அவள் காதில் விழும்படி இளைப்பாறிவிட்டு மேலே போனார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் எல்லம்மா, "இன்னிக்கு இல்லக்கா" என்று கையை விரித்துவிட்டாள். பாவம், விறகு நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சத்யப்ரியா பல்லைக் கடித்தபடி ஜில்லென்ற நீரில் குளித்தாள்.

ஆயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கேஸ்கட் புதிது மாதிரி இருந்தது. லாசரஸ் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். மறுநாள் ஏழரைக்கு இன்ஜின் நின்றது.

அன்று மாலை பட்டாபிராமன் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்த மாசத்துல ஒம்பது தரம் உள்ள மாட்டிண்டிருக்கேன். லிஃப்டுல ஒரு ஸ்டூல் போட்டுடுங்கோ, சௌகரியமா இருக்கும்."

"சார், யாரோ தண்ணிய எடுக்கறாங்களோன்னு..."

"ரேடியேட்டர் தண்ணிய எவன் திருடுவான்? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அன்னிக்கும் நின்னா நீங்க ராஜினாமா பண்ணிடுங்கோ. மெம்பர்ஸ் எல்லாரும் கையெழுத்துப் போட ரெடி."

அவர் போனதும் ஜீவானந்தம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "விட்டுத் தொலையேன். உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றான்.

கீழே நுழைவாயிலில் ஒரு பலகை இருக்கிறது. 'செயலாளர்: திருமதி சத்யப்ரியா.' கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவள் பெயரை யாரோ பெயின்டில் எழுதி வைத்தது அங்கே மட்டும்தான். தினமும் ஆபீசுக்குப் போகும்போது அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போவாள். இதையெல்லாம் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

வியாழக்கிழமை கொட்டகைக்குப் பூட்டு வாங்கினாள். ஒரே சாவி. யாரிடம் கொடுப்பது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எல்லம்மா, உன்னைத் தவிர யாரும் உள்ள போகக் கூடாது."

"ஒரு ஈ போகாதுக்கா."

லாசரஸ் கடைசி ஆயுதத்தை அன்று மாலை கொண்டுவந்தார். ஒரு கேன் கூலன்ட். அதை ரேடியேட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றினார்.

"இன்ஜின் சூட்டையும் தாங்கும், துருவும் பிடிக்காது. அதவிட முக்கியம் இதோட கலர் மேடம். பளிச்சுனு இருக்கும். எங்க ஒழுகினாலும் அங்க கலர் நிக்கும். இது விஷம், யாரும் வாயில வச்சிடக் கூடாது. நாளைக்குக் காலையில கலர் எங்க தெரியுதோ, அங்கதான் கோளாறு. மாட்டிக்கும்!"

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இன்ஜின் கிளம்பியது. சத்யப்ரியா குளிக்கவில்லை, கொட்டகை வாசலில் காவலுக்கு நின்றாள். டீசல் புகையில் இருமல் பிடுங்கியது.

"நீ ஏன்க்கா இங்க கெடந்து இருமிகினு கீற? கேட்டாண்ட போய் நில்லு. நான் பாத்துக்கிறேன்" என்றாள் எல்லம்மா.

சத்யப்ரியா கேட்டருகில் போய் நின்றாள். பட்டாபிராமன் இன்றைக்கு லிஃப்டில் ஏறவில்லை. பால் பாக்கெட்டுடன் அவள் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழே கால். ஏழு இருபது. ஏழு இருபத்தைந்துக்கு லாசரஸின் மொபெட் வந்தது. அவரும் வந்து அவர்களுடன் நின்றார்.

ஏழரை.

ஏழு முப்பத்தொன்று.

சத்யப்ரியா மெல்ல மூச்சை விட்டாள். இன்ஜின் ஒரு முறை கனைத்து, நின்றது.

"ராஜினாமா லெட்டர் தமிழ்லயே எழுதலாம்" என்றார் பட்டாபிராமன்.

மூவரும் ஓடினார்கள். கொட்டகைப் பூட்டு சாவியோடு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. லாசரஸ் தரையில் படுத்து, இன்ஜினுக்கு அடியில் டார்ச் அடித்தார். குழாய் குழாயாக விரலால் தடவி விரலைப் பார்த்தார். பட்டாபிராமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாக்கடை வரை போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். எங்கும் சொட்டுக் கலர்கூட இல்லை.

"கண்ணாடி மீட்டர்ல பாதி காலி மேடம்" என்றார் லாசரஸ், தலையில் கைவைத்து. "ஆனா ஒரு எடத்துலயும் கலர் இல்ல. இது மெக்கானிக் வேலை இல்ல. மந்திரிக்கிற ஆளக் கூப்பிடுங்க."

சத்யப்ரியா சுவரில் சாய்ந்தாள். கண்ணுக்கு எதிரே அவள் கையால் எழுதிய பதினோரு விதிகள். பலகையில் அந்தப் பெயரை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம்? கொஞ்சம் டர்பன்டைனும் துணியும் போதும்.

அப்போதுதான் எல்லம்மா வந்தாள். லிஃப்ட் இல்லாததால் மூன்று மாடி ஏறி, கதவைத் தட்டி, ஆளைக் காணாமல் மறுபடி மூன்று மாடி இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் இருந்த பக்கெட்டை மூவருக்கும் நடுவில் இறக்கி வைத்து, மேலே இருந்த தட்டை எடுத்தாள். ஆவி பறந்தது.

"குளிக்கப் போயிருப்பன்னு மேல போனா காணோம். உன்ன எங்கெல்லாம் தேடறது? தண்ணி ஆறிடப் போது" என்றவள், பக்கெட்டை எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன்க்கா, அப்பறம் என்னைக் கோச்சிக்காத. இத்தினி நாளா இந்த இன்ஜின்ல நல்ல வெந்நிதான் புடிச்சாந்து குடுத்தேன். இன்னிக்கி இன்னாவோ, அடிக் குழாயத் தொறந்தா பச்சைக் கலர்ல வருது."