அட்மின் அடைத்த ஓட்டை

"ஓட்டை இருக்கிறது நிஜம்தான் டாக்டர். அரை மணியில அடைச்சுடறேன்," என்றார் அட்மின். அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வர் முழுக்க அவர் பொறுப்பு.

சர்வரை இயக்கும் மென்பொருளின் அடிமடியிலேயே பிழையாம். சாதாரண ஊழியர் ஒருவர் தன் கணக்கில் நுழைந்து நாலு வரி தட்டினால் போதும், முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடுமாம். காலையில் செய்தியைப் படித்ததிலிருந்து நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சர்வரை நிறுத்தணுமா? வெளியே கூட்டம் ரிசல்ட்டுக்கு நிக்குது."

"வேண்டாம். ஓடும்போதே ஒட்டுப் போட்டுடலாம். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

சொன்னபடியே போட்டார். ஓட்டை அடைபட்டது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே.

யாராவது முன்பே புகுந்து, தன் கணக்குக்கு அதிகாரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால்? எதற்கு வம்பென்று, முழு அதிகாரம் உள்ள எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதைப் பிடுங்கச் சொல்லி ஒரே கட்டளை போட்டார். சர்வர் மறுபேச்சில்லாமல் பிடுங்கியது. அவருடைய கணக்கிலிருந்தும்தான்.

அந்தக் கணக்கை நம்பி ஓடிக்கொண்டிருந்த ரிசல்ட் அனுப்பும் வேலையும் படுத்துக்கொண்டது. அதை எழுப்ப முழு அதிகாரம் வேண்டும்.

"என்னாச்சு?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல. சின்ன விஷயம்."

அதிகாரத்தைத் திரும்ப வாங்கப் பழைய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சர்வர் சந்தேகப்பட்டு அவர் கணக்கையே பூட்டிவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேருந்து போன். ஆபரேஷனை நிறுத்தி வெச்சிருக்காங்க. ரிசல்ட் இப்ப போகலைன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்," என்றார் டாக்டரம்மா.

மானத்தைப் பார்த்தால் ஆகாது, திருடன் போகும் வழியிலேயே போய்விடலாம் என்று அட்மின் முடிவு செய்தார். ரத்தம் எடுப்பவரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்து அந்த நாலு வரியைத் தட்டினார். சர்வர் அசையவில்லை. ஒட்டு அவ்வளவு கச்சிதம். தன் வேலைத்திறமையை நினைத்து அவர் வயிறெரிந்தது அன்றைக்குத்தான்.

"அடைச்சது நான். இப்ப உள்ளே போக முடியாம நிக்கிறதும் நான்," என்று வாய்விட்டே புலம்பினார்.

பக்கத்து மேஜையிலிருந்த ரிசப்ஷன் பெண் மெதுவாகத் திரும்பினாள்.

"சார், காலையில டாக்டர் அந்தச் செய்தியை, நாலு வரியோட சேர்த்து, சத்தமா படிச்சாங்கல்ல, அப்பவே நான் அந்த ஓட்டை வழியா உள்ளே போயிட்டேன். கணக்கு எதையும் தொடலை, திறந்தது திறந்தபடியே இருக்கு, இன்னும் வெளியே வரலை. உங்களுக்கு என்ன செய்யணும்?"