மாடிவீட்டுக்காரர் வாங்கிய பெட்டி

"மாடிவீட்டுக்காரர் புதுசா கம்ப்யூட்டர் பெட்டி வாங்கியிருக்கார், பார்த்தீங்களா? கண்ணாடிக் கதவு! ஒரு ஒயர் வெளியில தெரியல. மனுஷன்னா அப்படி இருக்கணும்."

பெட்டியில் ஆரம்பித்த மனைவியின் பேச்சு மனுஷனில் போய் முடிந்ததைத்தான் பாப்பாவின் அப்பாவால் தாங்க முடியவில்லை. குடித்த தண்ணீர் புரையேறியது.

அவர் என்ன லேசுப்பட்டவரா? இரும்பு பீரோ பட்டறையில் மேஸ்திரி. பீரோவின் முதுகில் விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டினால் போதும், தகடு என்ன கனம் என்று சொல்லிவிடுவார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பட்டறைத் தகட்டில் தானே பெட்டி செய்தவர். யானை ஏறி நின்றாலும் நசுங்காது. பக்கக் கதவு மட்டும் இன்னும் போடவில்லை. பாப்பா தவழ ஆரம்பித்த நாளாக மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்றுகூடப் பெட்டிக்குள் சுற்றுகிற விசிறியில் பாப்பா கரண்டியை விட்டுவிட்டது. விரல் தப்பியதே பெரிசு.

"ஞாயித்துக்கிழமை போட்டுடறேன்" என்பார். ஞாயிறு வரும். கதவு வராது.

"கண்ணாடி மாட்டினா ஆச்சா? உள்ள வெறும் தகரமா இருக்கும். நானே போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று படியேறினார்.

மாடிவீட்டுக்காரர் வாய் நிறைய வரவேற்றார். அதுவும் பிடிக்கவில்லை. பெட்டியின் முதுகில் தட்டினார். டப்டப் என்று கேட்கும் என்று காதைக் கொடுத்தார். ணங்கென்றது. ஓரத்தில் விரலை ஓட்டினார். கீறிவிட்டால் நன்றாயிருக்கும் என்று அழுத்தியே ஓட்டினார். பாப்பா கன்னம் மாதிரி வழுவழு. மூலையைப் பிடித்து ஆட்டினார். அவர்தான் ஆடினார். கதவைத் திறந்து பிடியை விட்டார். அது சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. தூசி போகாமல் அடியில் ஒரு வலை வேறு!

"நீங்க தொழில் தெரிஞ்சவர். எப்படிங்க இருக்கு?"

"பரவாயில்ல. பெயிண்ட்தான் கொஞ்சம்..."

"ஏங்க, பெயிண்டுக்கு என்ன?"

"கருப்பா இருக்கு."

கீழே வந்ததும் மனைவி கேட்டாள். "எப்படி இருக்கு?"

"சுத்தத் தகரம். தும்மினா ஆடும்."

"அப்பாடா! நாளைக்குச் சாயந்திரம் அவரை நம்ம பெட்டியைப் பார்க்க வரச் சொல்லியிருக்கேன். மேஸ்திரி செஞ்ச பெட்டின்னா என்னன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

"யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?"

"ஏங்க, யானை ஏறினாலும் நசுங்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

மறுநாள் ஞாயிறு. பாப்பாவுக்கு முன்னால் பாப்பாவின் அப்பா எழுந்துவிட்டார். பட்டறைக்கு ஓடினார். தகடு வெட்டினார், மடித்தார், கீல் வைத்தார், ஓரமெல்லாம் அரம் போட்டு ராவினார். கதவு ஒட்டிக்கொள்ளக் காந்தம். அடியில் வலை. ஒயர்களைச் சடை மாதிரி பின்னி உள்ளே தள்ளினார். பச்சை பெயிண்ட். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "அவர் வந்துடப் போறார்!" என்று எரிந்து விழுந்தார்.

இத்தனை மாதம் கெஞ்சியும் நகராத வேலை, ஒரு நாள் வயிற்றெரிச்சலில் முடிந்துவிட்டது. பெயிண்ட் காய்ந்ததும் பாப்பா தவழ்ந்து வந்தது. கதவைத் தட்டிப் பார்த்தது. கையை விட இடம் தேடியது. கிடைக்காமல் ஓவென்று அழுதது. மனைவி மட்டும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

சாயந்திரம் சட்டை மாற்றி, தலை வாரி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கும் வைத்தாயிற்று. ஒருத்தரும் வரவில்லை.

"எங்க உன் மாடிவீட்டுக்காரர்?"

"அவங்க காலையிலயே குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாங்களே."

"நீ கூப்பிட்டிருந்தியே?"

"நான் எங்க கூப்பிட்டேன்? நேத்து நம்ம பெட்டி இருந்த இருப்புக்கு ஒரு மனுஷரைக் கூப்பிட முடியுமா?"

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி இந்த ஜென்மத்தில் இவளிடம் ஏமாறுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

மனைவி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டே சொன்னாள். "மாடிவீட்டுல குழாய் சொட்டுறதே இல்லையாம். வாஷர் எல்லாம் அவரே மாத்திடுவாராம்."

பாப்பாவின் அப்பா எழுந்து நின்றார்.

"ஸ்பேனரை எங்க வச்ச?"