அளவு பத்தாத மீன்

பனியன் வாங்க டென்மார்க்கிலிருந்து வந்திருந்த பையர் ஹென்ரிக்கின் தொப்பியிலிருந்து பிடுங்கி வந்த பொய் ஈ ஒன்றை முதலாளி ஈஸ்வரமூர்த்தி மேஜைமேல் வைத்தார்.

"சாம்பிள் இது ஒண்ணுதானுங்க கிட்டுசாமி. இதப் பாத்து ஒரு டஜன் பண்ணீருங்க. நாளான்னிக்குக் காலையில ஊட்டிக்குப் பொறப்படோணும்."

கிட்டுசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அந்தப் பனியன் கம்பெனியின் ஃபைனல் செக்கிங் மேனேஜர். தையல் பிரிந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஈ செய்வதற்கு இல்லை.

இத்தனைக்கும் அது ஈகூட இல்லை. ஒரு சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இதைத் தண்ணீர்மேல் விட்டால், ஏதோ பூச்சி விழுந்துவிட்டதென்று நம்பி மலை ஓடையில் இருக்கும் டிரவுட் மீன் எகிறி வந்து கவ்வுமாம். புழு வைத்துப் பிடிப்பது கௌரவக் குறைச்சலாம். மீனை ஏமாற்றுவதில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது என்று கிட்டுசாமி மனசுக்குள் பொருமினார்.

ஹென்ரிக் நல்ல மனிதர்தான். சரக்கைப் பார்க்க வந்தவர், அப்படியே நீலகிரி ஓடையில் இரண்டு நாள் மீன் பிடிக்கலாம் என்று தூண்டில் சாமான்களையும் மூட்டை கட்டியிருந்தார். அந்தப் பெட்டி மட்டும் விமானம் மாறும்போது பம்பாயிலேயே தங்கிவிட்டது. அதை அவர் வருத்தமாகச் சொன்னதும் முதலாளி, "நோ ப்ராப்ளம், எல்லாம் நாங்க பண்ணிக் குடுக்கறோம்" என்றுவிட்டார். பையர் கேட்டதை இல்லையென்று சொல்லும் ஆள் திருப்பூரில் இன்னும் பிறக்கவில்லை. யானை வேண்டும் என்றாலும் எந்தக் கலரில் என்றுதான் கேட்பார்கள்.

முதலாளி இவ்வளவு தாராளம் காட்டியதற்குக் காரணம் வேறு. பெட்டி கட்டி அடுக்கி வைத்திருந்த சரக்கு முழுவதும் நீளத்தில் அரை இஞ்ச் குறைவு. சாயப்பட்டறைக்காரன் துணியைக் காய வைக்கிற அழகில் எல்லாம் சுருங்கிப் போய்விட்டது. தைக்கும்போதே கிட்டுசாமி சொன்னார். அப்போது பேசாமல் இருக்கச் சொன்ன முதலாளி, இப்போது பேசுகிறார்.

"அவரு சந்தோசமா மீனப் புடிச்சுட்டு வந்தாருன்னா, பொட்டியத் தொடாமயே கையெழுத்துப் போட்டுருவாருங்க. அவரு பாக்கெட்டுல இருக்கற அளக்கற டேப்பு மட்டும் வெளிய வரக்கூடாது. வந்து சரக்கு திரும்புச்சுன்னா, நீங்களும் பல்லடத்துக்கே திரும்பிக்கலாமுங்க, பழையபடி தறி ஓட்ட."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் வேலை போகும் என்றால் போகும் என்றுதான் அர்த்தம். கிட்டுசாமி ஈயை ஒரு பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் தூண்டில்கோல். கோயமுத்தூர் உக்கடத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து நீட்டினார். ஹென்ரிக் அதைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது உலக்கை போல அசையாமல் நின்றது. கடலில் சுறா பிடிக்கிற கோல் போலிருக்கிறது. ஈ காற்றில் பறந்துவிடும் என்று கடைக்காரர் அக்கறையாகச் சேர்த்துக் கொடுத்திருந்த ஈயக்குண்டையும் ஹென்ரிக் சிரித்தபடி கழற்றிக் கையில் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு வேண்டியது நுனிவரை வளைகிற மெல்லிய கோல். கயிறு கனமாக, தண்ணீரில் மிதப்பதாக இருக்க வேண்டும். அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு. கயிற்றின் கனத்தைத்தான் வீசுவார்களாம், ஈ சும்மா அதன் பின்னால் போகுமாம்.

கம்பெனியிலும் அப்படித்தான் என்று கிட்டுசாமி நினைத்துக்கொண்டார். கனமெல்லாம் ஒருத்தன் தலையில், சும்மா பின்னால் போகிறவனுக்குப் பேர்.

கடைசியில் குன்னூரில் ஓய்வுபெற்ற ஒரு எஸ்டேட் மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து, அவருடைய பழைய கோலையும் கயிற்றையும் இரவல் வாங்கி வந்தார்கள்.

ஈக்கள் சாம்பிள் செக்ஷன் டெய்லர் ரோஸ்மேரியின் பொறுப்பு. அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. பொய் ஈயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், தன் அப்பாவுக்கு இதைக் காட்டினால் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாமியாராகப் போய்விடுவார் என்றாள்.

"கோழிச் செறகைக் கட்டி மீனுக்குச் சிங்காரம் பண்ணணுமாக்கும். அண்ணாச்சி, கொலுசும் மாட்டி விடட்டுமா?"

பல்லடத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு மூட்டை வெள்ளை இறகு வந்தது. பழுப்பு நிறம் ஏற்றச் சாயப்பட்டறைக்கு அனுப்பினால், ஒரே மூட்டை நாலு விதமான பழுப்பில் திரும்பி வந்தது. கிட்டுசாமிக்கு ரத்தம் கொதித்தது. விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஷேடு பார்த்து, கட்டி முடித்த ஈக்களில் பாதியைக் கழித்துவிட்டார். ரோஸ்மேரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் கட்டினாள்.

பிறகு, ஓடையில் இறங்கி நிற்பதற்கு மார்பு வரை ஏறும் கால்சட்டை. அதையும் ரெயின்கோட் துணியில் அவளே தைத்தாள். ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் புகும் என்று அவள் சொன்னதால், பிரிண்டிங் செக்ஷனில் பசை வாங்கித் தையல்மேல் தடவினார்கள். பசை காய்ந்ததும் இரண்டு கால்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்து எடுத்ததில் ஒரு பக்கம் கிழிந்து, அதற்கு ஒட்டுப் போட்டார்கள். கிட்டுசாமிக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஹென்ரிக் டிரைவர் சுடலையோடு காரில் போனார். சுடலை திருநெல்வேலிக்காரன், பல வருஷமாகப் பையர்களை ஏற்றி இறக்கியதில் இங்கிலீஷ் நன்றாகவே காதில் ஏறியிருந்தது. தூண்டில், நாற்காலி, பிரியாணி அண்டா எல்லாவற்றோடும் கிட்டுசாமி வேனில் பின்னால் போனார். அவலாஞ்சிப் பக்கத்தில் ஓர் ஓடை. முறையாக அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று.

ஹென்ரிக் தண்ணீரில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பார். கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு கால்களும் உப்பிக்கொண்டன. மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கிட்டுசாமிக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சரக்கைக் கழித்துவிட்டுப் போன பையர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

கரையில் ஏறி நின்று ஹென்ரிக் கயிற்றை வீசினார். அது தலைக்குமேல் சுழன்று போய், ரோஸ்மேரி கட்டிய ஈயைத் தண்ணீர்மேல் மெதுவாக வைத்தது. சற்று நேரத்தில் பளிச்சென்று ஒரு மீன் எழும்பிக் கவ்வியது. கிட்டுசாமி தன்னை மறந்து கைதட்டினார்.

ஹென்ரிக் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார்.

எது வெளியே வரக்கூடாது என்று மூன்று நாளாகப் பாடுபட்டார்களோ, அது வந்துவிட்டது. மூக்கிலிருந்து வால்வரை ஹென்ரிக் அளந்தார். ஒரு போட்டோ எடுத்தார். "ஸ்மால்" என்றார். மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

பிடித்த மீனை யாராவது விடுவார்களா? இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு தூரம் வந்து, கைக்கு வந்ததைத் திருப்பி விடுவதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அளவு குறைவு. ரிஜெக்ட்.

இரண்டாவது மீனும் அப்படியே போயிற்று. மூன்றாவதை அளந்துவிட்டு, "ஸ்மால், பட் பியூட்டிஃபுல்" என்றார் ஹென்ரிக். பியூட்டிஃபுல் என்ற வார்த்தையையெல்லாம் கிட்டுசாமி நம்பத் தயாராக இல்லை. விலையைக் குறைப்பதற்கு முன்னால் பையர்கள் அதைத்தான் சொல்வார்கள். மீன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. நாலு விரற்கடை கூடுதலாக வளர்ந்து தொலைத்தால்தான் என்ன?

செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி முதலாளிக்குப் போன் போட்டார்.

"எத்தனை பீஸ் பாத்தாருங்க?" என்று கேட்டார் முதலாளி.

"மூணுங்க."

"பாஸு?"

"ஒண்ணுமில்லீங்க. மூணும் அளவு பத்தலீங்க."

முதலாளி உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

"மீனுலயே மூணுக்கு மூணக் கழிச்சவரு, நம்ம பனியன விட்டுருவாருங்களா? அளவு பத்தலைன்னா, அளவா ஒண்ணு குடுங்க. எங்க போயி வாங்குவீங்களோ, அது எனக்குத் தெரியாதுங்க."

முதலாளிக்கென்ன, திருப்பூரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம். கிட்டுசாமி மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி ஊட்டி மார்க்கெட்டுக்கு வேனில் போனார். கடையிலிருந்ததில் பெரிய மீனாகக் கேட்டார். கடைக்காரர் ஐஸைத் தோண்டி, குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஒரு கட்லாவைத் தூக்கிக் காட்டினார். கிட்டுசாமி அங்கேயே டேப்பை எடுத்து அளந்தார். ஹென்ரிக் பிடித்த மீனைப்போல மூன்று மடங்கு இருந்தது. வந்தது வரட்டும் என்று வாங்கிச் சாக்கில் சுற்றினார்.

திரும்பி வந்தபோது ஹென்ரிக் கார் நிழலில் உட்கார்ந்து சுடலையோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூண்டில் ஓடைக்கரையில் கிடந்தது. கிட்டுசாமி பதுங்கிப் போய், கொக்கியைக் கட்லாவின் வாயில் மாட்டி, அதை மடுவுக்குள் இறக்கினார். தறி ஓட்டுகிறவன் மானமாகத்தான் ஓட்டுகிறான், இந்தப் பிழைப்புக்கு அதுவே தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் பையனின் காலேஜ் ஃபீஸ் ஞாபகம் வந்தது.

"சார், ஃபிஷ்! பிக் ஃபிஷ்!" என்று கத்தினார்.

ஹென்ரிக் ஓடிவந்து கோலைத் தூக்கினார். கோல் வில்லாக வளைந்தது. ஆனால் மீன் துள்ளவில்லை, இழுக்கவில்லை, நனைந்த துணி மூட்டை போலச் சமர்த்தாக மேலே வந்து புல்லில் படுத்துக்கொண்டது. ஹென்ரிக் மண்டியிட்டு அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு ஐஸ்கட்டி நழுவி விழுந்தது.

ஹென்ரிக் ஐஸைப் பார்த்தார். பிறகு கிட்டுசாமியைப் பார்த்தார். கிட்டுசாமி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப் வெளியே வந்தது. ஹென்ரிக் நிதானமாக அளந்தார். "வெரி குட் மெஷர்மெண்ட்" என்றார். இந்த மீனை அவர் தண்ணீரில் விடவில்லை. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, போகலாம் என்று காரில் ஏறிக்கொண்டார்.

கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பாறைமேல் ஓடி ஏறினார்.

"பாஸுங்க மொதலாளி. அளந்து பாத்து, நல்ல அளவுன்னு அவரு வாயாலயே சொல்லீட்டாருங்க."

அடுத்த தீபாவளிக்குத் தனியாகக் கவனிப்பதாக முதலாளி சொன்னார். கண்டெய்னரை இப்போதே வரச்சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார்.

ஊட்டிக்கு வெளியே டீக்கடை முன்னால் கார் நின்றிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஹென்ரிக் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வேனிலிருந்து இறங்கிய கிட்டுசாமி எல்லோருக்கும் டீயும் பன்னும் சொன்னார். மூன்று நாளில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது. அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய சுடலையின் தோளில் கையைப் போட்டார்.

"என்னப்பா சுடலை, தொரைக்கு மனசு நெறைஞ்சுதா?"

சுடலை டீயை ஒரு வாய் குடித்தான்.

"அது காலையிலயே நெறைஞ்சுட்டுல்லா அண்ணாச்சி. ஈயும் கால்சட்டையும் இம்புட்டு அக்கறையாச் செஞ்சு குடுத்த ஆளுக சரக்கைப் பிரிச்சுப் பாக்கவே வேண்டாம், கப்பல்ல ஏத்திரலாம்னு வரும்போதே கார்லயே அவுக ஆபீஸுக்கு இங்கிலீஷ்ல போன் போட்டுச் சொல்லிட்டாரு. இப்ப அந்த ஐஸ் கட்லாவைப் பாத்த பொறவுதான், ஒரு பெட்டி விடாமப் பிரிச்சு அளக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு."